மச்சான் அறுத்த கயிறு

கயிற்றின் தோல் ஒரு பக்கம் கிடந்தது, உள்நூல் இன்னொரு பக்கம் கிடந்தது. இடம் வட்டுக்கோட்டையில் ஒரு வீட்டு வளவு, நேரம் காலை எட்டு மணி இருக்கும். வீட்டுக்காரர் தந்த தேத்தண்ணியைக் குசினிப் பக்கம் நின்று குடித்துவிட்டு நான் திரும்பி வந்தபோது, என் மச்சான் வேப்ப மரத்தடியில் குந்தியிருந்தார். எட்டு மாதம் காத்திருந்து பெற்ற என் கயிறு அவர் கையில் இரண்டு துண்டாக இருந்தது. ஒரு துண்டின் செம்மஞ்சள் நிறத் தோலுக்குள் இருந்த வெள்ளை நூல் முழுவதையும் உருவி நிலத்தில் போட்டிருந்தார். பயறு எடுத்த பின் எஞ்சும் கோது போல அந்தத் தோல் தட்டையாகக் கிடந்தது. நான் வாயைத் திறக்க முதல் அவரே சொன்னார்: "தைச்ச கயிறை நம்பேலாது மச்சான். திருப்பிப் பின்னுவமெண்டு வெட்டினன். உள்ளுக்கை பார்த்தா முழுக்கக் குப்பை."

இந்தக் காட்சியை நான் ஒன்பது வருடங்களாகப் பகிடியாகச் சொல்லி வந்திருக்கிறேன். கலியாண வீடு, செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கு, கோயில் மடம் என்று நான் சொல்லாத இடமில்லை. மச்சான் குந்தியிருந்த விதம், நூலை உருவிய விதம், அந்தக் குரல் எல்லாம் எனக்குப் பாடம். எங்கள் ஆட்களுக்கு ஒருவருக்குப் பட்டம் வைக்கக் காரணம் கிடைத்தால் விடமாட்டார்கள். எங்கள் ஊர் நீர்வேலியில் தொடங்கிய பட்டம் ஆறு மாதத்துக்குள் அவருடைய சொந்தக் கரைக்கே போய்ச் சேர்ந்தது. அங்கே முப்பது வருடம் கடலோடிய மனிதரைச் சின்னப் பிள்ளைகள்கூட 'குப்பைக்கயிறு' என்று சொல்கிறார்கள். அந்தப் பெயரை ஒட்டியவன் நான். அது பொய்ப் பெயர் என்று தெரிந்த நாளிலிருந்து அதைக் கழற்றப் படாத பாடு படுகிறேன், ஒருவரும் கேட்கிறார்கள் இல்லை. வாயால் சொல்லி எடுபடாததால்தான் இதை எழுதுகிறேன்.

மச்சான் என்றால் என் மனைவியின் தமையன். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கீரிமலைக்குக் கிட்டக் கரையோரம் வீடு. நான் நீர்வேலி வாழைத்தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளை, ஆனால் தோட்டம் எனக்குச் சரிவரவில்லை. வீட்டுக் கூரைக்கும் கிணற்றுக்கும் மின்கம்பிக்கும் மேலே வளர்ந்த மரங்களைக் கொப்புக் கொப்பாக வெட்டி இறக்குவதுதான் என் தொழில். நாங்கள் இருவரும் விரும்பிக் கட்டியவர்கள். இரண்டு பக்கத்துக்கும் அதில் சம்மதமில்லை. மூன்று வருடம் அவளுடைய ஆட்கள் ஒருவரும் எங்கள் படலையைத் திறக்கவில்லை. மகள் பிறந்து முப்பத்தோராம் நாள், பையில் பாரைக் கருவாட்டோடு இந்த மனிதர்தான் படலைக்கு வெளியே வந்து நின்றார். உள்ளே வாரும் என்று நான் சொல்லும்வரை நின்றார். அவர் வந்த பிறகுதான் மாமியும் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். அதன் பின் ஒவ்வொரு வருடமும் வாடைக் காற்று எழும்பிக் கடலுக்குப் போக முடியாத மாதங்களில் எங்கள் வீட்டுக்கு வந்து நிற்பார். நான் மரத்தில் நிற்க, வெட்டிய கொப்பைக் கயிற்றில் கட்டி மெல்ல மெல்ல இறக்குவது அவர் வேலை. அந்தக் கைகளில் எந்தக் கயிறும் வழுக்கி நான் காணவில்லை.

ஒரு வருடம் நான் மாமரத்திலிருந்து விழுந்தேன். பெரிய உயரமில்லை, இடது மணிக்கட்டு மட்டும் முறிந்தது. ஆனால் மூன்று மாதம் சும்மா இருந்து மனைவியின் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கை சுகமானதும் அவள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள், இடுப்பில் கயிறு இல்லாமல் இனி மரத்தில் கால் வைத்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அண்ணையிடம் போய்விடுவேன் என்று. ஏறமாட்டேன் என்று நானும் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். சுவிசில் நகரத்து மரங்களை வெட்டும் வேலையில் இருக்கும் என் பள்ளிக்கூடச் சிநேகிதனுக்கு எழுதினேன். அவன் தான் பாவிக்கும் மாதிரிக் கயிறு ஒன்று அனுப்புவதாகச் சொன்னான். கயிற்றின் ஒரு முனையை இடுப்புப் பட்டியின் இடது வளையத்தில் கொழுக்கியால் மாட்டி, மரத்தைச் சுற்றிக் கொண்டு வந்து, வலது வளையத்தில் பிணைத்துக்கொண்டு, இரண்டு கையையும் விட்டுப் பின்னால் சாய்ந்து நின்று வேலை செய்யலாம். அதற்கு அவன் சொன்ன பெயர் லான்யாட். நாங்கள் இடுப்புக்கயிறு என்றோம். பட்டியை நான் இங்கேயே வாங்கி வைத்துவிட்டேன். கயிறுதான் வருகிறது வருகிறது என்று எட்டு மாதம் இழுத்தது. தபாற்கந்தோருக்கு நான் நடந்த நடைக்குச் சுவிசுக்கே போய் எடுத்து வந்திருக்கலாம்.

கடைசியில் பார்சல் வந்தது. வந்த அந்தர அவசரத்தில் நான் செய்த முதல் வேலையை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். சுருளாகச் சுற்றியிருந்த அந்தக் கயிற்றை ஒரு மெல்லிய கயிற்றுத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தான். அவிழ்க்கப் பொறுமை இல்லாமல் கத்தியை வைத்து அதை மூன்றாக வெட்டி எறிந்தேன். பிறகு, உள்ளே இருந்த கடதாசியைப் பிரித்துப் பார்த்தேன். வாசிக்கத் தெரியாத பாஷை, ஆனால் படம் இருந்தது. பெரிய கயிற்றின் மேல் ஒரு சின்னக் கயிற்றைச் சுற்றிச் சுற்றி முடிந்து, அந்தச் சின்னக் கயிற்றைத்தான் வலது வளையத்தில் மாட்ட வேண்டும். பாரம் வந்தால் அந்த முடிச்சுப் பெரிய கயிற்றை நெரித்துப் பிடிக்கும். பாரத்தை எடுத்துவிட்டுக் கையால் தள்ளினால் வழுகிப் போகும். அப்படித்தான் மரத்தின் பருமனுக்குத் தக்கபடி கயிற்றை நீட்டுவதும் குறுக்குவதும். பார்சலைத் தலைகீழாகத் தட்டினேன், சின்னக் கயிறு இல்லை. சிநேகிதனைத் தொலைபேசியில் எடுத்து, முக்கியமான சாமானை மறந்துவிட்டாயே என்று ஏசினேன். அவன் வைத்தேன் என்றான். வைத்திருந்தால் எங்கே என்றேன். தொலைபேசி விட்டுவிட்டுக் கேட்டது. தன் பிழையை ஒத்துக்கொள்ளாத ஆள் என்று நினைத்துக்கொண்டு வைத்துவிட்டேன்.

சந்தைக்குப் போய் நீல நைலோன் கயிறு வாங்கி வந்தேன். நல்ல பலமான கயிறு, மாட்டைக் கட்டினால் மாடு அறுக்காது. அந்த ஒரு கிழமை நான் பட்ட எரிச்சலை இப்போது நினைத்தாலும் தலை இடிக்கிறது. படத்தில் இருந்த மனிதன் சிரித்துக்கொண்டு மூன்று சுற்றுச் சுற்றியிருந்தான். நான் மூன்று சுற்றினால் முடிச்சு நிற்கவே இல்லை. நாலு சுற்றினால் கொஞ்சம் நின்று பிறகு வழுக்கியது. ஐந்து சுற்றினால் இறுகிப்போய், கையால் தள்ள அசையாமல், ஆணியால் கிண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. வீட்டு மாமரத்தில் ஒரு முழ உயரத்தில் காலை வைத்துப் பின்னால் சாய்வேன். நிற்கும், நிற்கும், சரி என்று நினைக்கும்போது சர்ரென்று ஓடி என்னை மண்ணில் இருத்தும். கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு மனைவி சிரிப்பாள். சாம்பல் போட்டுத் தேய்த்தேன், மணல் போட்டுத் தேய்த்தேன், புதுக்கயிற்றின் மினுக்கம் போனால் பிடிக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒருநாள் பின்னேரம் அரை மணித்தியாலம் அப்படியே நின்றது. அது போதும் என்று முடிவு கட்டினேன். எட்டு மாதமும் ஒரு கிழமையும் போய்விட்டது, இனியும் பொறுக்க என்னால் இயலாது.

அந்த வருட வாடைக்கு வந்து நின்ற மச்சான் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வந்த அன்றே முடிச்சைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்துவிட்டு, நீலக்கயிறு மொத்தம், விறைப்பு, இதைவிட மெல்லிசாக மெத்தென்று ஒன்று பாரும் என்றார். நான் படத்தைக் காட்டினேன், படத்தில் மொத்தம் மெல்லிசு என்றா போட்டிருக்கிறது என்று கேட்டேன். இரண்டாம் நாள் மறுபடியும் சொன்னார். வட்டுக்கோட்டைக்கு மோட்டார்சைக்கிளில் போகும்போது பின்னால் இருந்து என் காதுக்குள் சொன்னார்: "மச்சான், சாஞ்சு நிண்டு வாள் இழுக்கேக்கை உது ஓடும். நிக்காது." நான் திரும்பிப் பார்க்காமலே, கடலில் எத்தனை மரம் ஏறினீர் என்று கேட்டேன். அவர் கயிறு இருந்த பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். எனக்கு அன்று அவர் வாயை அடைத்தது பெரிய வெற்றியாக இருந்தது.

அந்த வளவில் நின்றது பழைய வேம்பு. கிணற்றுக்கு மேலாகச் சாய்ந்து வளர்ந்திருந்தது. வெட்ட வேண்டிய கொப்பில் நின்றால் நேர் கீழே கிணற்றின் கல்லுக்கட்டும் அதற்குள் கறுப்பாகத் தண்ணீரும் தெரியும். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த வீட்டுக்காரர் அடுத்த கிழமை திரும்ப இருந்தார், அதற்குள் முடிக்க வேண்டிய வேலை. பட்டியைக் கட்டி, கயிற்றை மரத்தடியில் வைத்துவிட்டுத்தான் தேத்தண்ணிக்குப் போனேன். திரும்பி வந்து கண்டதை முதலிலேயே எழுதிவிட்டேன். கொழுக்கி மாட்ட முனையில் தைத்திருந்த கண்ணை நம்பாதவர் அந்தக் கண்ணடியில் அல்லவா வெட்டியிருக்க வேண்டும், ஏன் நட்டநடுவில் வெட்டினார் என்பதும் அன்று என் கோபத்தைக் கூட்டத்தான் உதவியது. அதை யோசித்துப் பார்க்கத் தோன்றவில்லை. வீட்டுக்காரருக்கு முன்னால் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். கரையில் கிடக்க வேண்டிய ஆளை வளவுக்குள் கொண்டுவந்தது என் பிழை என்றும் சொன்னேன். எழுதவே கை கூசுகிறது. அவர் தலையைக் குனிந்து, நிலத்தில் கிடந்த நூலையெல்லாம் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். வேலை கைவிட்டுப் போயிற்று. மூன்றாம் நாள் தூக்கி வாகனத்தோடு வேறு ஆட்கள் வந்து அந்த மரத்தைத் தறித்தார்கள்.

கோபம் பத்து நாளில் போய்விட்டது. போனதும் அது பகிடியாக மாறியது. முதலில் மனைவிக்கு நடித்துக் காட்டினேன், பிறகு அயலுக்கு, பிறகு ஊருக்கு. மச்சானும் கூட இருந்து சிரிப்பார். சில வேளை நான் விட்ட இடத்தை அவரே எடுத்துக் கொடுப்பார். இரண்டு வருடம் ஏணி எட்டும் மரங்களோடு காலம் தள்ளிய பிறகு சிநேகிதன் இன்னொரு கயிறு அனுப்பினான். இந்த முறை சின்னக் கயிற்றை முடிச்சுப் போட்டு, கொழுக்கியும் மாட்டியே அனுப்பியிருந்தான். இப்பவாவது புத்தி வந்ததே என்று நினைத்தேன். அந்தக் கயிற்றில்தான் இன்று வரை தொழில் செய்கிறேன், ஒருநாள் ஒரு விரற்கடை வழுக்கியதில்லை.

போன வருடம் திருவிழாவுக்குச் சிநேகிதன் ஊருக்கு வந்தான். எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வழமைபோல் கதை தொடங்கியது, நானும் நடிக்கத் தொடங்கினேன். அவன் வயிற்றைப் பிடித்துச் சிரித்தான். சாட்சிக்கு இருக்கட்டும் என்று ஆயுதப்பெட்டிக்குள் கிடந்த பழைய நீலக்கயிற்றை எடுத்து வந்து காட்டினேன். அவன் சிரிப்பு நின்றது. கையைக் கழுவிவிட்டு என் புதுக்கயிற்றை எடுத்து மாமரத்தில் சுற்றி, நீலக்கயிற்றால் நான் போட்டது மாதிரியே நாலு சுற்று முடிந்து, சாய்ந்து நின்று வாள் இழுப்பதுபோல் உடம்பை ஆட்டினான். நாலு ஆட்டு ஆட முடிச்சு ஓடி, அவன் விழப்பார்த்துக் கொப்பைப் பிடித்தான். "உதோடையோ கிணத்துக்கு மேலை ஏற இருந்தனீ?" என்று கேட்டான். நீ சின்னக் கயிறு வைக்காமல் விட்டால் வேறு என்ன செய்ய என்றேன். வைக்காமல் விடவில்லை, சுருளைக் கட்டியிருந்ததே அந்தக் கயிறுதான் என்றான். நான் மூன்றாக வெட்டி எறிந்தது அதைத்தான். இத்தனை வருடம் கயிறு வெட்டிய பகிடி சொன்னவனும் கயிறு வெட்டியவன்தான்.

முடிச்சு ஓடும் என்று மச்சான் மூன்று தரம் சொன்னது அன்றுதான் எனக்கு உறைத்தது. அடுத்த கிழமை கரைக்குப் போனேன். மச்சான் வலை சாமான் வைக்கும் வாடிக்குள் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். பேச்சை எப்படித் தொடங்குவது என்று சுற்றிப் பார்த்தேன். முளையில் ஒரு நங்கூரக் கயிறு தொங்கியது. வெளியே பச்சைத் தோல், முனையில் வெட்டுவாயில் உள்ளே வெள்ளை நூல் தெரிந்தது. என் கயிற்றின் சாதிதான். இது எத்தனை வருடமாக இருக்கிறது என்று கேட்டேன். கலியாணம் கட்ட முதல் வாங்கினது என்றார் தலை நிமிராமல். தோல் போட்ட கயிற்றுக்குள் நூல்தான் பாரம் தாங்கும் என்பது இந்த மனிதருக்கு என்னைவிட இருபது வருடம் முன்பே தெரியும். அதைக் குப்பை என்று சொன்ன ஆள் இவர்.

வேண்டுமென்றே வெட்டினீரா என்று கேட்டேன். அவர் இரண்டு மூன்று கண்ணி பொத்தி முடித்தார். பிறகு சொன்னார்: "சொல்லிப் பார்த்தன், நீர் கேக்கேல்லை. உம்மைக் கட்டிப் போடவும் ஏலாது. கயிறு இல்லாட்டி ஏறமாட்டீர், தங்கச்சிக்குச் சத்தியம் பண்ணினனீர். அதாலை வெட்டினன்." அப்படியென்றால் அதை அன்றே சொல்லியிருக்கலாமே, ஏன் குப்பை என்று சொல்லி உம்முடைய பேரைக் கெடுத்தீர் என்று கேட்டேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. அவர் உயர்த்தவில்லை. "வேணுமெண்டு வெட்டினதெண்டு தெரிஞ்சா நீர் ஆயுசுக்கும் என்னோடை கதைச்சிருக்க மாட்டீர். விசரன், தெரியாமல் வெட்டிப்போட்டானெண்டால் ஏசிப்போட்டு விட்டிடுவீர். உங்கடை படலைக்குள்ளை வர எனக்கு மூண்டு வருசம் எடுத்தது மச்சான்." அவ்வளவுதான். தேத்தண்ணி குடிக்கிறீரா என்று கேட்டார்.

குடித்தேன். குடித்துவிட்டு வரும் வழியெல்லாம் என்னையே ஏசிக்கொண்டு வந்தேன். அவர் சொன்னதில் ஒரு சொல்லையும் என்னால் மறுக்க முடியவில்லை. அன்று உண்மையைச் சொல்லியிருந்தால் நான் அவரைப் படலைக்கு வெளியே நிறுத்தித்தான் இருப்பேன். என் உடம்பில் எந்த இடம் இறுகும், எந்த இடம் இளகும் என்று நீலக்கயிற்றைவிட நன்றாக அந்த மனிதர் உருட்டிப் பார்த்து வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவிக்குச் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு என்னோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. அது நியாயம். அடுத்த நாளிலிருந்து காணும் ஆளுக்கெல்லாம் உண்மைக் கதையைச் சொல்லத் தொடங்கினேன். அங்கேதான் புதுத் தலையிடி. மச்சானைக் காப்பாற்ற நான் ஒரு கதை கட்டிவிட்டேன் என்று ஊர் நினைத்தது. நான் எவ்வளவு சத்தியம் பண்ணினேனோ அவ்வளவு சிரித்தார்கள். பழைய கதையை ஒன்பது வருடமாக நான்தான் மெருகு போட்டுப் போட்டு வைத்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் உண்மை மெலிந்துபோய் நின்றது.

போன ஆவணியில் மச்சானுடைய மகளுக்குக் கலியாணம். மாப்பிள்ளை பகுதி தெல்லிப்பளைப் பக்கம், புதுச் சொந்தம். சாப்பாட்டுப் பந்தியில் மாப்பிள்ளையின் சித்தப்பா, யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, குப்பைக்கயிறு என்கிறது ஆர் என்று சிரித்துக்கொண்டே விசாரித்தார். பொம்பிளையின் தகப்பனைத்தான் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. மகள் மணவறையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. எழும்பி நின்றேன். அது நான் கட்டிய பொய்ப் பெயர், உண்மையில் நடந்தது வேறு, அன்று நான் ஏற இருந்தது ஒரு மோசமான முடிச்சில் என்று தொடங்கினேன். என் முடிச்சு ஏன் மோசம், நான் எதை வெட்டி எறிந்தேன் என்று சொல்லவேண்டிய இடத்துக்கு வந்தபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. புதுச் சொந்தம் எல்லாம் என்னைப் பார்த்தபடி காத்திருந்தது.

பாயாசச் சட்டியோடு பந்தியில் வந்துகொண்டிருந்த மச்சான் சட்டியைக் கீழே வைத்தார். "நீர் இரும் மச்சான், உமக்கு வடிவாச் சொல்ல வராது" என்று என் தோளை அமத்தி இருத்தினார். பிறகு சால்வையை மடித்துக் கட்டி, தன் மகளின் கலியாணப் பந்திக்கு நடுவில் குந்தியிருந்து, கயிற்றை எப்படி வெட்டினார், நூலை எப்படி உருவினார் என்று ஒன்றையும் விடாமல் நடித்துக் காட்டினார். நான் இத்தனை வருடம் சொன்னதைவிட நன்றாக இருந்தது. மாப்பிள்ளை பகுதி விழுந்து விழுந்து சிரித்தது, மணவறையில் மகளும் சிரித்தாள். அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டேன்.